மறி என்று நான் சொன்னது

நான் வேட்டைக்குப் போகிறவன். சுவிஸில் பேர்ன் கன்டோனில், அதாவது பேர்ன் மாநிலத்தில், வேட்டைச் சோதனை எழுதிப் பாஸ் பண்ணி, வருசா வருசம் அனுமதிச் சீட்டு வாங்கி, செப்ரெம்பரில் மலை ஏறுகிறவன். எங்கள் ஆட்களிடம் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "விளையாட்டுக்கு உயிரைக் கொல்லுறியோ?" என்று கேட்பார்கள். கேட்கிறவருடைய கோப்பையில் ஆட்டிறைச்சிக் கறி இருக்கும். அந்த ஆடு எங்கே வளர்ந்தது, எப்படிச் செத்தது என்று அவருக்குத் தெரியாது. தெரிய விருப்பமும் இல்லை.

இருபத்தாறு வருசமாக இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் நிற்கிறேன். இலையுதிர் காலம் வந்தால் மான் இறைச்சிச் சாப்பாடு தொடங்கும். ஜன்னலால் தெரிகிற மலையைப் பார்த்துக்கொண்டு, அந்த மலை மான்தான் தங்கள் தட்டில் இருக்கிறது என்று நினைத்து விருந்தாளிகள் சாப்பிடுவார்கள். பெட்டியை உடைக்கிறவன் நான். பெட்டியில் நியூசிலாந்து என்று எழுதியிருக்கும். கப்பலில் உறைந்து வந்த இறைச்சி. ஒருத்தரும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை. எதிர் மலையில் ஒருவன் சட்டப்படி ஒன்றைச் சுட்டுச் சுமந்து இறக்கினால் மட்டும் அவன் கொலைகாரன்.

விளையாட்டு என்ற சொல்லைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு அதில் சந்தோசம் இருக்கிறது. மற்ற வேட்டைக்காரர் "நாங்கள் இயற்கைக்குச் சேவை செய்கிறோம்" என்று பெரிய வாயால் சொல்வார்கள். சேவைதான். ஆனால் சந்தோசம் இல்லாவிட்டால் எவன் விடிய எழும்பி ஈரப் புல்லில் மூன்று மணித்தியாலம் படுத்துக் கிடப்பான்? கன்டோனுக்கு அது நன்றாகத் தெரியும். எங்கள் ஆசையை வைத்துத்தான் தன் வேலையைச் செய்விக்கிறது. ஊர்களுக்கு மேலே இருக்கிற காடு பனிச்சரிவைத் தடுக்கிற காடு. இளம் மரங்களின் நுனியை மானும் மலையாடும் கடித்துக்கொண்டே இருந்தால் அந்தக் காடு எழும்பாது. இந்த இடத்தில் இத்தனை குறைய வேண்டும், இன்ன வயது, இன்ன பால் என்று கன்டோன் முடிவு எடுக்கும். நாங்கள் போய்க் குறைக்கிறோம். ஓநாய் வந்தால் வேட்டைக்காரன் தேவையில்லை என்று ஒரு கூட்டம் கத்துகிறது. ஓநாயையே முதலில் சுட வேண்டும் என்று வேட்டைக்காரரில் ஒரு கூட்டம் கத்துகிறது. இரண்டு கூட்டத்திலும் முக்கால்வாசிப் பேர் அந்த மரக்கன்றுகளைக் குனிந்து பார்த்ததில்லை.

இதற்குள் என்னைக் கொண்டுவந்து விட்டது என் தங்கச்சியின் மகள். இங்கேயே பிறந்தவள். இந்தக் கதை நடந்தபோது இருபத்தொன்பது வயது. காட்டு வேலை படித்து, ஒரு ஊராட்சியின் காட்டைப் பார்க்கிற வேலையில் இருந்தாள். வேட்டைச் சோதனையை எனக்கு நாலு வருசம் முன்னமே எழுதிவிட்டாள். நான் எழுத நினைத்த காலத்தில் என்னிடம் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான் இருந்தது. இலங்கைக் கடவுச்சீட்டோடு இந்த நாட்டில் துவக்கு வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. சட்டத்திலேயே நாடுகளின் பெயர் வரிசையாக இருக்கிறது, அதில் எங்கள் நாடும் ஒன்று. துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவனைப் பார்த்துத் துவக்குக்காரன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பிரஜாவுரிமை கிடைத்த பிறகுதான் விண்ணப்பம் போட்டேன். என் மனுசி, "ஊரில ஒரு கோழி பிடிக்கத் தெரியாத ஆள்" என்றாள். உண்மைதான்.

சோதனைக்கு முன்னர் மாதக்கணக்கில் வேலை செய்ய வேண்டும். சம்பளமில்லாத வேலை. மேய்ச்சல் நிலத்தில் பற்றை வெட்டினேன். வைகாசியில், புல்வெட்டும் இயந்திரம் வர முன்னர், புல்லுக்குள் படுத்திருக்கிற மான்குட்டிகளைத் தேடி வயல் வயலாக நடந்தேன். குட்டியைத் தூக்கும்போது கையில் ஒரு பிடி புல்லை வைத்துத்தான் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் மனித வாடை பட்டுத் தாய் சேர்க்காது. இந்த வேலை எல்லாவற்றுக்கும் ஜேர்மனில் ஒரு சொல் இருக்கிறது: ஹேகே. பேணுதல், பார்த்துக்கொள்ளுதல். அந்த நேரத்தில் அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது.

நான் சொல்லப்போகிற செப்ரெம்பரில் தங்கச்சியின் மகள் ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். பக்கத்துப் பகுதிக்குக் காவலர் வேலை. காவலர் என்றால் கன்டோனின் வனவிலங்குக் காவலர்: மிருகங்களை எண்ணுகிறவர், வேட்டைக்காரரைச் சோதிக்கிறவர், காரில் அடிபட்ட மானை முடிக்கிறவர். பன்னிரண்டு வயதிலிருந்து அவள் அந்த வேலையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். என் தங்கச்சி அவளைத் தாதியாக்கப் பார்த்தாள், நடக்கவில்லை. அப்படி இடம் காலியாவது அபூர்வம். நேர்முகத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. எங்கள் பகுதிக் காவலர் என்ன சொல்கிறார் என்று தெரிவுக் குழு கேட்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அன்று வெள்ளிக்கிழமை. எனக்கு ஓய்வு நாள், அவள் லீவு எடுத்திருந்தாள். நாங்கள் போனது மலையாட்டுக்கு. இங்கே கெம்சே என்பார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்பு இருக்கும். ஆணின் கொம்பு கொஞ்சம் தடிப்பு, நுனி கூடுதலாக வளைந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பால் கொடுக்கிற தாயைச் சுடக் கூடாது. அந்த வருசத்துக் குட்டியைத் தொடக் கூடாது. தவறிச் சுட்டால் நீயே காவலருக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்ல வேண்டும். மலையில் உன்னைப் பார்க்க ஒருத்தரும் இல்லை, ஆனாலும் நீ சொல்ல வேண்டும். கன்டோனின் கணக்கெல்லாம் இந்த ஒன்றில்தான் நிற்கிறது. பொய்யான கணக்கை வைத்து அடுத்த வருசம் எத்தனை சுடலாம் என்று முடிவு எடுத்தால், வேட்டை பேணுதலும் இல்லை ஒரு மண்ணும் இல்லை.

காலை ஏழு மணிக்கு மர எல்லைக்கு மேலே இருந்தோம். அடுத்த முகட்டில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். பேர்னில் மலை எல்லாருக்கும் பொது. சீட்டு வைத்திருக்கிற எவனும் எங்கேயும் ஏறலாம். காலையில் மலையில் பேச்சு தூரம் போகும். நாங்கள் ஜேர்மனில் கதைத்தால் ஆடு எந்தப் பக்கம் நிற்கிறது என்று அவர்களுக்கும் தெரிந்துவிடும். அதனால் மலையில் தமிழ் மட்டும் என்று வைத்திருந்தோம். அது அவளுடைய யோசனை. "அம்மாக்கும் சந்தோசம், எங்களுக்கும் லாபம்" என்பாள்.

அவள் ஒரு பாறைக்குப் பின்னால் துவக்கோடு படுத்திருந்தாள். நான் இருபது அடி மேலே தொலைநோக்கியோடு இருந்தேன். குட்டைத் தேவதாருப் பற்றைக்குள்ளிருந்து ஒன்று வெளியே வந்தது. தனியாக வந்தது. தலை எங்கள் பக்கம் நேராக இருந்ததால் கொம்பின் வளைவு தெரியவில்லை. அவள் ஒரு விரலைக் காட்டினாள், தனி என்று. தனியாக நிற்கிற இளம் ஆண் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். பிறகு அது பக்கவாட்டில் திரும்பியது. கொம்பு மெல்லிசு. அதற்குப் பின்னால், பற்றையின் விளிம்பில், ஒரு குட்டியின் முகம். நான் இருந்த உயரத்துக்குக் குட்டி தெரிந்தது. அவளுக்குப் பாறை மறைத்தது.

"மறி," என்றேன். "மறி, மறி."

அவள் சுட்டாள்.

ஆடு இரண்டு அடி எடுத்து வைத்து விழுந்தது. குட்டி மேலே ஓடியது. நான் கல்லில் சறுக்கிச் சறுக்கி அவளிடம் இறங்கினேன்.

"ஏன் சுட்டனி?"

"நீங்கள்தானே சொன்னீங்கள்."

"நான் என்ன சொன்னனான்? மறி எண்டு சொன்னனான்."

"ஓம், மறி எண்டீங்கள். மறிச்சனான்."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. யாழ்ப்பாணத்தில் மறி என்றால் பெண் ஆடு. கிடாய், மறி. பெட்டை ஆடு, சுடாதே என்று நான் சொன்னேன். அவள் ஆடு வளர்த்தாளோ? அவளுக்கு அந்தச் சொல் தெரிந்தது பந்தடி மைதானத்தில். எங்கள் ஆட்களின் கழகத்தில் பெண்கள் அணியில் பின்வரிசையில் எட்டு வருசம் விளையாடினவள். கோட்டுக்கு வெளியே நின்று நாங்கள் கத்துவோம்: மறி, மறி, விடாத, மறி. போகவிடாமல் தடு என்று. அந்தச் சத்தத்தில் பாதி என்னுடையது. ஆடு தப்பப் போகிறது, போகவிடாதே என்று நான் சொல்வதாக அவள் நினைத்தாள். வேறு எந்தப் பாசையிலும் இந்தப் பிழை வந்திராது.

"பொம்பிளை எண்டு சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"ஆட்டைப் போய் ஆர் பொம்பிளை எண்டுறது? தமிழ்ப் பள்ளிக்கூடத்தில மறியும் கிடாயும் படிப்பிக்கேல்லையோ?"

"அங்க யானையும் மயிலும்தான் படிப்பிச்சவை. அதுகளை இங்க சுடேலாது."

சிரிக்கிற நேரமில்லை. இரண்டு பேரும் சிரிக்கவும் இல்லை. ஆட்டிடம் போனோம். அவள் முழந்தாளிட்டு மடியை அழுத்தினாள். பால் வந்தது. வெள்ளையாக, இளஞ்சூட்டோடு அவளுடைய விரலில் வழிந்தது. அவள் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு எழும்பிப் பற்றைப் பக்கம் பார்த்தாள்.

"குட்டி இருந்ததோ மாமா?"

"ஓம்."

நான் அப்போது செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். "நான் சுட்டதெண்டு சொல்லுவம்," என்றேன். என்னிடமும் சீட்டு இருந்தது, அதில் இடமும் இருந்தது. எனக்கு ஒரு நேர்முகமும் இல்லை. ஒரு வருசம் சீட்டைப் பறித்தாலும் குசினியில் ஒருத்தரும் கேட்கப் போவதில்லை. முன்னர் ஒருமுறை என் மச்சான் காரை வேகமாக ஓடிக் கமராவில் பட்டபோது ஓடினவன் நான் என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். எங்கள் ஆட்களிடம் அது களவில்லை, உதவி. என்னைக் கேட்டால் இதுவும் அப்படித்தான். பிழையான சொல்லைச் சொன்னதும் நான்தானே.

 அவள் தன்னுடைய வேட்டைப் புத்தகத்தை எடுத்தாள். விழுந்த இடத்திலேயே, ஆட்டை நகர்த்த முன்னர் அதில் எழுத வேண்டும் என்பது விதி. அவளுடைய பேனை குளிரில் எழுதவில்லை. இரண்டு தரம் உதறிப் பார்த்தாள்.

"மாமா, பேனை இருக்கோ?"

"இல்லை," என்றேன்.

என் சேட்டுப் பையில் கையை விட்டுப் பேனையை எடுத்தாள். பெண், பால் உள்ளது என்று எழுதினாள். நேரம் எழுதினாள். பேனையைத் திரும்பப் பையில் செருகிவிட்டு, சிக்னல் பிடிக்க மேலே ஏறிப் போனாள்.

காவலருக்கு அறுபது வயதிருக்கும். மாட்டுக்காரக் குடும்பத்தில் பிறந்த ஆள். வேட்டைக்காரரோடு நீ, நான் என்றுதான் கதைப்பார். நாங்கள் ஆட்டைச் சுமந்து பாதை முடிகிற இடத்துக்கு வந்தபோது வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஆட்டைப் பார்த்தார், மடியைப் பார்த்தார், வயதறியப் பல்லைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நீயா? இவன் சுட்டிருந்தால் நம்பியிருப்பேன்," என்றார்.

அவள் நடந்ததைச் சொன்னாள். அவருடைய முகத்தில் நம்பிக்கை இல்லை. அவளை வண்டிக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார்.

"நீ சொன்ன சொல் என்ன?"

"மறி."

"அதற்கு என்ன கருத்து?"

"பெண் ஆடு."

அவளிடம் போனார். அதே கேள்வியைக் கேட்டார். தடு என்ற பதிலோடு திரும்பி வந்தார். "ஒரே சொல், இரண்டு கருத்து. ஒன்று சுடாதே, மற்றது சுடு. இதை நான் மேலே எழுதி அனுப்ப வேண்டும், இல்லையா?"

எனக்குக் கோபம் வந்தது. "உன்ர படிவத்துக்காக நான் ஒரு பாசை கண்டுபிடிப்பனோ?" என்று ஜேர்மனில் கேட்டேன். என் ஜேர்மன் குசினி ஜேர்மன், கோபத்தில் இன்னும் கெட்டுப்போகும். "உங்கட ஆக்கள் பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரன் சொல்லுறதே விளங்கேல்லை எண்டு சிரிக்கிறீங்கள். எங்கட பாசையில ஒரு சொல்லுக்கு ரெண்டு கருத்து இருக்கக் கூடாதோ?"

"இருக்கலாம்," என்றார். "ஆனால் துவக்கு வைத்திருந்தவள் அவள். தெரியாத சொல்லுக்கு விசையை அழுத்தக் கூடாது."

  அந்தச் சொல்லின் எழுத்துக்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். ஆட்டை எடுத்துக்கொண்டார். பிறகு குட்டியைப் பற்றிக் கேட்டார். பார்த்தவன் நான் மட்டும்தான். தாயில்லாத குட்டி மலையின் குளிர்காலத்தைத் தாண்டுவது கஷ்டம், தாண்டினாலும் நொந்து திரியும், அதனால் எடுக்க வேண்டும் என்றார். எடுப்பது என்றால் சுடுவது. அந்தச் சரிவில் வேறு தாய்களும் குட்டிகளும் நின்றன. பிழையான குட்டியைச் சுட்டால் பிழை இரண்டாகிவிடும். "நாளைக்குக் காலை நீ வந்து காட்டு," என்றார் என்னிடம்.

"நானும் வாறன்," என்றாள் அவள்.

"நீ வரத் தேவையில்லை."

"வாறன்," என்றாள்.

சனிக்கிழமை காலை மூன்று பேரும் அதே பாறைக்குப் பின்னால் இருந்தோம். தேட வேண்டியிருக்கவில்லை. தாய் விழுந்த இடத்திலிருந்து ஐம்பது அடிக்குள் குட்டி நின்றது. மற்ற ஆடுகள் மேலே மேய்ந்துகொண்டிருந்தன. குட்டி அவற்றிடம் போகும், ஒரு தாய் தலையைத் தாழ்த்தித் துரத்தும், திரும்ப அதே இடத்துக்கு வரும். காவலர் அவசரப்படவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பார்த்தார். எந்தத் தாய்க்கு எந்தக் குட்டி என்று அவள் தொலைநோக்கியால் ஒவ்வொன்றாகச் சோடி சேர்த்துச் சொன்னாள். கடைசியில் இது மட்டும் மிஞ்சியது.

"இதுவா?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம்," என்றேன். தமிழில்தான் வந்தது. அவருக்கு விளங்கியது.

ஒரே வெடி. அவள் போய்க் குட்டியை எடுத்து வந்தாள். நான் சுமக்கக் கேட்டேன், தரவில்லை. வண்டியடியில் நிறுத்துப் பார்த்து, படிவத்தில் காரணம் என்ற இடத்தில் காவலர் ஒரு சொல் எழுதினார். எதிரே நின்று தலைகீழாக வாசித்தேன். ஹேகே என்று தொடங்கியது. பேணுதலுக்காகச் சுட்டது என்று கருத்து. புல்லை வைத்துக் குட்டியைத் தூக்கின அதே சொல். எனக்கு வாயில் கெட்ட வார்த்தை வந்தது. ஆனால் அவர் செய்தது சரி. பிழை செய்தது நாங்கள், அதற்கு ஒரு சொல் வேண்டியிருந்தது, அவரிடம் இருந்த சொல் அது.

அவர் போன பிறகு அவள் தன் காருக்குள் கொஞ்ச நேரம் இருந்தாள். நான் கிட்டப் போகவில்லை.

வீட்டில் விசயம் பரவ ஒரு நாள் எடுத்தது. என் தங்கச்சி ரெலிபோன் எடுத்தாள். "அண்ணை, உங்கட தமிழால என்ர பிள்ளைக்கு வேலை போகப்போகுது."

"என்ர தமிழுக்கு என்ன? நீ பிள்ளைக்கு ஒழுங்காத் தமிழ் சொல்லிக் குடுத்திருந்தால் இது நடந்திராது."

"கிழமையில ஆறு நாள் ஆஸ்பத்திரியில தரை துடைச்சனான். ஆட்டுக்குப் பேர் சொல்லிக் குடுக்கவோ எனக்கு நேரம் இருந்தது?"

அவள் ரெலிபோனை வைத்துவிட்டாள். அவள் சொன்னது சரி.

பிறகு நான் இன்னொரு முட்டாள் வேலை செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மனுசியைக் கொண்டு முப்பது மட்டன் ரோல்ஸ் போடுவித்து, ஒரு பெட்டியில் அடுக்கி, காவலர் வீட்டுக்குக் கொண்டு போனேன். ஒருவரிடம் ஒன்று கேட்கப் போவதென்றால் வெறுங்கையோடு போகத் தெரியாது எங்களுக்கு. அவர் வாசலில் விறகு கொத்திக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து மணந்து பார்த்தார். நன்றாக மணக்கிறது என்றார். பிறகு மூடித் திருப்பித் தந்தார்.

"அவளுடைய நேர்முகம் முடியும்வரை உன்னிடம் ஒரு கோப்பிகூட நான் குடிக்க முடியாது. நீ இங்கே வந்தது தெரிந்தால் அவளுக்குத்தான் கூடாது. போ."

"நீ அவளைப் பற்றி என்ன சொல்லப் போறாய்?"

"நடந்ததை."

"எது நடந்தது?"

"பிழையாகச் சுட்டாள். அரை மணித்தியாலத்துக்குள் ரெலிபோன் எடுத்தாள். அடுத்த நாள் வரத் தேவையில்லை என்று சொல்லியும் வந்தாள். இதில் எதற்கு நிறை கூட என்று பார்ப்பது அவர்கள் வேலை."

திரும்பி வரும் வழியில் ஏரிக்கரையில் காரை நிறுத்தி ஏழு ரோல்ஸ் நானே சாப்பிட்டேன். மிச்சத்தைக் குசினிக்குக் கொண்டு போனேன்.

நேர்முகத்தில் அவர்கள் கேட்க முன்னமே அவள் அந்த ஆட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அவர்களில் ஒருவர், மலையில் இனி எந்தப் பாசையில் கதைப்பாய் என்று கேட்டாராம். எந்தப் பாசை என்றாலும், விளங்காவிட்டால் திரும்பக் கேட்பேன் என்று சொன்னாளாம். இதை எனக்குச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. நல்லாச் சொன்னனானோ என்று என்னிடம் கேட்டாள். நல்லாத்தான் சொல்லியிருக்கிறாய் என்றேன். இரண்டு கிழமை அவள் தபால்பெட்டியையும் ரெலிபோனையும் பார்த்துக்கொண்டு திரிந்தாள். கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுப்பாள், நான் என்று தெரிந்ததும் குரல் இறங்கும்.

கடிதம் வந்தது. வேறொருவரைத் தெரிவு செய்திருக்கிறோம் என்று நாலு வரி. ஆட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நான் கொதித்தேன். இலங்கைப் பெயரைப் பார்த்துத்தான் தள்ளியிருக்கிறார்கள் என்றேன். ஆட்டைச் சாட்டாக வைத்திருக்கிறார்கள் என்றேன். மேலே எழுதிக் கேள் என்றேன், நான் எழுதுகிறேன் என்றேன். அவள் கடிதத்தில் இருந்த இலக்கத்துக்கு ரெலிபோன் எடுத்து நேராகவே காரணம் கேட்டாள். தெரிவானவருக்கு வேறு கன்டோனில் பல வருசக் காவலர் அனுபவம் இருக்கிறது, ஆடு காரணமில்லை என்றார்கள்.

"நம்புறியோ?" என்று கேட்டேன்.

"அந்தாளைத் தெரியும் மாமா. என்னைவிட நல்ல ஆள்தான்."

"ஆட்டைச் சுடாமல் இருந்திருந்தால்?"

"தெரியாது. உங்களுக்கும் தெரியாது. விடுங்கோ."

எனக்கு விட முடியவில்லை. இன்றைக்கும் இல்லை. அவள் நம்புகிறாள், நான் நம்பவில்லை. இரண்டு பேரில் ஒருவர் பிழை.

அந்தக் குளிர்காலம் எங்கள் பகுதிக் காவலர் அவளைக் கூப்பிட்டார். காவலருக்கு உதவியாக, வேட்டைக்காரருக்குள்ளேயிருந்து சிலரை எடுப்பார்கள். சம்பளம் இல்லை. வேட்டைக் காலத்தில், சுட்டதைக் கொண்டுவந்து காட்டுகிற சோதனை மேசையில் நிற்க வேண்டும், அடிபட்ட மிருகம் என்று பொலிஸ் அறிவித்தால் போக வேண்டும். சும்மா வேலை வாங்குகிறார்கள் என்று நான் சொன்னேன். அவள் ஓம் என்று கையெழுத்து வைத்துவிட்டு வந்து எனக்குச் சொன்னாள்.

போன மாசம் தூண் நகரத்தில் ஒரு மண்டபத்தில் என் பேத்தியின் முதலாவது பிறந்தநாள். கேக் வெட்டி முடிந்து சாப்பாடு வைக்கிற நேரம், பின்னேரம் ஆறு மணியிருக்கும், அவளுடைய ரெலிபோன் அடித்தது. ஏரிக்கரை ரோட்டில் ஒரு மான் காரில் அடிபட்டுக் கிடக்கிறது. என் தங்கச்சி கையில் சோற்றுக் கோப்பையோடு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"சம்பளமில்லாத வேலைக்குச் சாப்பிடாமலே போறாய்? ரெண்டு வாய் சாப்பிட்டிட்டுப் போ."

"அது கிடந்து துடிக்குது அம்மா," என்று சொல்லி விலத்திக்கொண்டு போனாள். சேலையோடுதான் போனாள். காரின் பின்பக்கத்தில் சப்பாத்தும் துவக்குப் பெட்டியும் எப்போதும் இருக்கும். நானும் போய் முன் சீற்றில் ஏறினேன். என்னை ஒருத்தரும் கூப்பிடவில்லை.

ரோட்டோரத்தில் ஒரு பெண் காருக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு நின்றாள். பொலிஸ்காரன் சேலையைப் பார்த்தான், பிறகு துவக்கைப் பார்த்தான், பிறகு வழி விட்டான். மானின் பின்கால் இரண்டும் முறிந்திருந்தன. அவள் அந்தப் பெண்ணைக் காருக்குள் போய் இருக்கச் சொன்னாள். பின்னால் என்ன இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தாள். சுட்டாள். உயிர் போய்விட்டதா என்று மானின் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தியிருந்து படிவத்தை நிரப்பத் தொடங்கினாள். இருட்டிவிட்டது, நான் அவளுடைய லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இது எப்ப உண்மையான வேலையாகிறது?" என்று கேட்டேன்.

"வாற வருசம் மேல் பக்கத்தில ஒரு காவலர் பென்சனுக்குப் போறாராம்."

"திரும்பப் போடப் போறியோ?"

"போட்டாச்சு," என்றாள். "லைட்டைக் கொஞ்சம் இறக்கிப் பிடியுங்கோ மாமா. பல்லுப் பாக்கவேணும்."

நான் இறக்கிப் பிடித்தேன்.